ஏலமலை அடிவாரமும் மூளையறிவியல் கல்வியும்
(விழா மேடையில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



போடிநாயக்கனூரில் ஏலக்காய் வணிகம் செய்யும் ஒரு குடும்பத்தை மனத்தில் எண்ணிக்கொள்க. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்துவிட்டது. மகள் நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறாள். மருத்துவமா, பொறியியலா என்று தந்தை வினவுகிறார். இரண்டும் இல்லை, மூளையறிவியல் படிக்கப் போகிறேன் என்கிறாள் மகள். வீடு சற்றே அமைதியாகிறது. உள்ளறையிலிருந்து பாட்டியின் குரல் எழுகிறது: "ஏனம்மா, அந்தப் படிப்புக்கு உயிரை அறுக்க வேண்டியிருக்குமே?"

தந்தையின் கவலை வேறு. அவர் வேலையைப் பற்றி நினைக்கிறார். தாயின் கவலை மகள் எந்த ஊருக்குப் போவாள் என்பது. எனினும் அந்த வீட்டில் எழுந்த வினாக்களில் மிகக் கூர்மையானது பாட்டியின் வினாவே. கொல்லாமையைக் குலமரபாகக் காத்து வரும் ஒரு குடும்பம், உயிரின் மிக நுண்ணிய உறுப்பை ஆராயும் கல்விக்குத் தன் பிள்ளையை அனுப்பலாமா? இதற்கு விடை காணாமல் கல்லூரிப் பட்டியலைப் புரட்டுவதில் பயனில்லை. விடை காண்பதற்கு முன் அந்தக் கல்வி எத்தகையது என்பதை அறிதல் வேண்டும்.

மூளையறிவியல் என்பது மூளை, தண்டுவடம், நரம்புகள் ஆகியவற்றின் அமைப்பையும் செயலையும் ஆராயும் துறை. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான பிற அணுக்களோடு தொடர்பு கொள்கிறது. அணுவுக்குள் செய்தி மின்துடிப்பாக ஓடுகிறது. ஓர் அணுவிலிருந்து அடுத்த அணுவுக்குப் பெரும்பாலும் வேதிப்பொருளாகக் கடக்கிறது. நரம்பு மண்டலம் தனித்தனி அணுக்களால் ஆனது என்று நிறுவிய இசுப்பானிய அறிஞர் கஹால், அவ்வணுக்களைக் கண்ணுக்குப் புலப்படச் செய்யும் சாயமுறையைக் கண்ட இத்தாலிய அறிஞர் கோல்கி ஆகிய இருவரும் 1906-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இத்துறையின் நவீன வரலாறு அங்கிருந்து விரிகிறது.

இதை விளக்கப் போடிக்காரர்களுக்குத் தொலைதூர எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. ஏலக்காய் வணிகர் கைப்பிடி காயை மூக்கருகே கொண்டுசென்ற மாத்திரத்தில், இது புதுக்காயா, பழைய சரக்கா என்று சொல்லிவிடுகிறார். அவர் மூக்கின் மேற்பகுதியில் ஏறக்குறைய 400 வகை மணவாங்கிகள் உள்ளன. ஏலக்காயின் மணத்துகள்கள் அவற்றுள் சிலவற்றைத் தூண்டுகின்றன. எவை தூண்டப்பட்டன, எவை தூண்டப்படவில்லை என்ற கோலத்தையே மூளை 'ஏலக்காய் மணம்' என்று படிக்கிறது. இம்மணவாங்கிகளின் மரபணுத் தொகுதியை 1991-இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்டு ஆக்சல் இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது. பிற புலன்களின் செய்தி மூளையின் நடுவிலுள்ள ஓர் இடைநிலையத்தைக் கடந்தே மேற்பரப்பை அடைகிறது. மணமோ நினைவும் உணர்ச்சியும் உறையும் பகுதிகளை நேரே சென்று தொடுகிறது. மலையை விட்டுச் சென்று பல்லாண்டு கழித்தும் ஒரு காயின் மணம் பழைய வீட்டைக் கண்முன் நிறுத்துவது இதனால்தான்.

புலனையும் அறிவையும் கொண்டு உயிர்களை வகுத்தறிதல் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியம் ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை நிரல்படுத்துகிறது. சமண நூல்களும் ஓரிந்திரியம் தொடங்கி ஐந்திந்திரியம் வரை உயிர்களைப் பகுத்து, அவற்றுள்ளும் மனம் உடையவை, மனம் இல்லாதவை என்று பிரிக்கின்றன. எந்த உயிர்க்கு எத்துணை உணர்வு என்ற வினா அங்கே அறத்தின் வினாவாக எழுந்தது. இன்றைய ஆய்வுக்கூடத்தில் அறிவியலின் வினாவாக எழுகிறது. நோக்கம் வேறாயினும், கேட்கப்படும் கேள்வி ஓரினம்.

இனி இக்கல்வியை எங்கே பெறுவது என்பதைக் காண்போம். அமெரிக்காவின் அரசுப் பல்கலைக்கழகங்களான கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலீஸ் வளாகம், மிச்சிகன் பல்கலைக்கழகம் போன்றவற்றில் மூளையறிவியலையே முதன்மைப் பாடமாகக் கொண்டு நான்காண்டு இளநிலைப் பட்டம் பெறலாம். இந்திய அரசு நிறுவனங்களில் அவ்வாறு அப்பெயரிலேயே அமைந்த இளநிலைப் பட்டம் அரிது. இங்கே வழி சற்றுச் சுற்றியது, ஆனால் உறுதியானது. இளநிலையில் விலங்கியல், உயிர்வேதியியல், உளவியல், இயற்பியல் அல்லது கணிதம் பயின்று, முதுநிலையிலோ முனைவர் பட்டத்திலோ மூளையறிவியலுக்குள் நுழைவதே பெரும்பாலோர் சென்ற பாதை.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 2011-இல் நான்காண்டு இளநிலைப் பட்டத்தைத் தொடங்கியது. அங்கு உயிரியலை முதன்மைப் பாடமாக எடுப்போர், அதே வளாகத்தில் 2009 முதல் இயங்கும் நரம்பறிவியல் மையத்தின் ஆய்வுகளை அருகிருந்து காணலாம். திருப்பதி, திருவனந்தபுரம் உள்ளிட்ட நகரங்களில் உள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்கள் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த பட்டம் வழங்குகின்றன. சென்னை ஐ.ஐ.டி. 2023-இல் மருத்துவ அறிவியலையும் பொறியியலையும் இணைத்த நான்காண்டுப் பட்டத்தைத் தொடங்கியுள்ளது. அரியானாவின் மானேசரில், குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் 2003-இல் நாட்டுக்கு அர்ப்பணித்த தேசிய மூளை ஆராய்ச்சி மையம் முதுநிலைக் கல்வியும் முனைவர் கல்வியும் அளிக்கிறது. பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநலமும் நரம்பியலும் ஒருசேரப் பயிலும் இடம்.

இவை யாவும் தொலைவு என்று எண்ணும் பெற்றோர்க்கு மதுரை இருக்கிறது. 2010-இன் இறுதியில் நின்றுபோன போடி இரயில், அகலப்பாதையாகி 2023 சூன் 15 முதல் மீண்டும் ஓடுகிறது. அந்த மதுரையின் மேற்கே நாகமலையை ஒட்டி அமைந்துள்ள காமராசர் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு, பாட்டியின் வினாவுக்கு நேரான விடையாக நிற்கிறது.

அப்பல்கலைக்கழகத்தில் விலங்கு நடத்தையியல் பேராசிரியராக விளங்கியவர் எம். கே. சந்திரசேகரன். உயிர்களுக்குள் இயங்கும் காலக்கடிகாரத்தை ஆராய்ந்தவர் அவர். 1970-களில் அவரும் மாரிமுத்து, சுப்பராஜ் ஆகிய உடன் ஆய்வாளர்களும் மதுரையைச் சூழ்ந்த குன்றுகளின் குகைகளில் வாழும் வௌவால்களிடம் ஒரு கேள்வியைக் கொண்டு சென்றனர். குகையின் உட்பகுதி எந்நேரமும் இருள். வெளியே அந்தி வந்துவிட்டது என்பதை அங்குள்ள வௌவால் எவ்வாறு அறிகிறது?

சில வௌவால்களைக் கூண்டில் வைத்துக் குகைக்குள்ளேயே அவற்றின் அசைவுகளைப் பதிவு செய்தனர். சுற்றிலும் கூட்டம் சுதந்திரமாகப் பறந்து, அந்தியில் வெளியேறி, விடியலில் திரும்பிற்று. ஒளியே காணாத கூண்டு வௌவாலும் கூட்டத்தின் நேரத்தையே தன் நேரமாகக் கொண்டது. கூட்டம் இல்லாத குகையில் தனித்து வைக்கப்பட்டபோது அதன் கடிகாரம் நாள்தோறும் சிறிது சிறிதாக விலகிச் சென்றது. அதாவது, ஒளியைப் போலவே உறவும் உயிரின் கடிகாரத்தைத் திருத்துகிறது. 1978-இல் வெளியான இம்முடிவு உலக ஆய்வாளர்களின் கவனத்தைப் பெற்றது. பின்னர் அதே பல்கலைக்கழகத்தில், கடிகாரமும் பகலொளியும் வெளியோசையும் எட்டாத ஒரு தனிமைக் கூடம் அமைத்து, தாமே விரும்பி முன்வந்த மனிதர்களின் உறக்கமும் விழிப்பும் ஆராயப்பட்டன.

இங்கே எந்த உயிரின் மூளையும் அறுக்கப்படவில்லை. பொறுமையும் கூர்ந்த நோக்கும் எளிய கருவிகளும் போதுமாயிருந்தன. சில வௌவால்கள் சில காலம் கூண்டில் இருந்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அதையும் எடைபோட்டுப் பார்ப்பதே நேர்மை. ஆயினும், தமிழ்நாட்டின் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில், கொலையின்றி, உலகத் தரத்தில் மூளையின் செயலை ஆராய முடிந்தது என்பது நடந்து முடிந்த உண்மை.

அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அண்மையில்தான் கீழக்குயில்குடிச் சமணர்மலை எழுந்து நிற்கிறது. அதன் செட்டிப்புடவும் பேச்சிப்பள்ளமும் தாங்கிநிற்கும் திருவுருவங்களை அவையோர் பலர் வணங்கியிருப்பர். அங்குள்ள கல்வெட்டுகள் குறண்டித் திருக்காட்டாம்பள்ளியையும், அதன் ஆசிரியர்களையும் மாணாக்கர்களையும் குறிக்கின்றன. துறவியர் உறைந்த இடத்துக்கும் பிள்ளைகள் பயிலும் இடத்துக்கும் தமிழில் 'பள்ளி' என்ற ஒரே பெயர் வழங்குகிறது. போடிக்குத் தெற்கே உத்தமபாளையத்தில் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களும், அச்சணந்தி அடிகளின் பெயர் தாங்கிய எழுத்தும் உள்ளன. ஏலமலையின் அடிவாரம் கல்வியும் கருணையும் ஒன்றாயிருந்த நிலம் என்பதற்கு இவை சான்று.

அறுத்துப் படித்தல் பற்றிய சட்டநிலையையும் பெற்றோர் அறிந்திருத்தல் நலம். விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் இயற்றப்பட்டது. அதற்காக நாடாளுமன்றத்தில் முதற்குரல் கொடுத்தவர் சென்னையின் ருக்மிணி தேவி அருண்டேல். நூல், மாதிரி, திரைப்படம் ஆகியவற்றால் கற்பிக்க இயலும் இடங்களில் கல்லூரிகளும் மருத்துவப் பள்ளிகளும் விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவு காட்டும் நெறி. பல்கலைக்கழக மானியக்குழு 2011-இல் படிப்படியான குறைப்பையும், 2014-இல் விலங்கியல் மற்றும் உயிரறிவியல் பாடங்களில் விலங்குகளை அறுத்தலைக் கைவிடுவதையும் அறிவுறுத்தியது. தவளையை அறுத்தால்தான் பட்டம் என்ற காலம் இளநிலை வகுப்பைப் பொறுத்தவரை கடந்துவிட்டது.

மேற்படிப்பில் நிலைமை வேறு. மூளை ஆய்வின் பெரும்பகுதி இன்றும் எலிகளையும் பிற விலங்குகளையும் கொண்டு நடக்கிறது. இதைச் சொல்லாமல் விடுவது பிள்ளையையும் பெற்றோரையும் ஏமாற்றுவதாகும். ஆனால் அதைத் தவிர்த்துச் செல்லும் பாதைகள் பல. தலையின் மேல் மின்முனைகளைப் பொருத்தி மூளையின் மின்னலைகளைப் பதிவது ஒன்று. காந்தப்புலப் படக்கருவியால் உயிருள்ள மனிதரின் மூளைச் செயலை வலியின்றிக் காண்பது ஒன்று. கணினியில் நரம்பணு வலைகளைக் கணிதமாக அமைப்பது ஒன்று. இறந்தோர் குடும்பத்தார் மனமுவந்து அளித்த மூளைகளை ஆராய்வது ஒன்று. நிம்ஹான்ஸில் 1995 முதல் அத்தகைய மூளைத்திசு வங்கி இயங்குகிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆராய்ச்சி மையம் 2024-இல் வெளியிட்ட 'தரணி' என்னும் படத்தொகுப்பு, கருவில் வளரும் மனித மூளையின் 5,132 மெல்லிய வெட்டுத்தளங்களை உலகெங்கும் எவரும் காணும்படி திறந்து வைத்துள்ளது.

எளிய கருவியும் பெரிய பயன் தரும் என்பதற்குச் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன் எடுத்துக்காட்டு. கை துண்டிக்கப்பட்ட பின்னும் இல்லாத கையில் வலி உணர்வோர் உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் 1990-களில் அவர், ஒரு பெட்டியின் நடுவே கண்ணாடியை நிறுத்தி, நலமுள்ள கையின் பிம்பம் இழந்த கையின் இடத்தில் தோன்றுமாறு செய்தார். இல்லாத கை அசைவதாக மூளை கண்டபோது சிலருக்கு வலி தணிந்தது. அதற்குத் தேவைப்பட்டவை ஓர் அட்டைப்பெட்டியும் ஒரு முகக்கண்ணாடியும்.

இவ்வளவும் கேட்ட பின், "படிக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம், அதனால் இந்த மலைக்கு என்ன பயன்?" என்று தந்தை வினவக்கூடும். அதற்கு விடை மலைச்சரிவிலேயே இருக்கிறது.

விடியற்காலையில் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஜீப்புகளில் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர்களை அனைவரும் அறிவர். ஏலச்செடியை இலைப்பேனும் தண்டுத்துளைப்பானும் தாக்குகின்றன. அவற்றைக் கொல்லப் பூச்சிமருந்து தெளிக்கின்றனர். அவற்றுள் ஆர்கனோபாஸ்பேட் என்னும் வகை, பூச்சியின் நரம்பைத் தாக்கியே அதைக் கொல்கிறது. நரம்பு தசைக்குச் செய்தி சொல்ல அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளை வெளியிடுகிறது. செய்தி சேர்ந்தவுடன் அதைச் சிதைக்க ஒரு நொதி உண்டு. மருந்து அந்த நொதியைக் கட்டிப்போடுகிறது. செய்தி ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. பூச்சிக்கும் மனிதனுக்கும் அந்த நொதி பொது. ஆகவே முகக்கவசமும் கையுறையும் இன்றித் தெளிப்பவருக்கும் மிகுந்த வியர்வை, எச்சில் பெருக்கு, கண்மணி சுருங்குதல், தசைத்துடிப்பு, இறுதியில் மூச்சுத்திணறல் வரக்கூடும். குருதியில் அந்நொதியின் அளவை அறியும் சோதனை உண்டு. உரிய நேரத்தில் அட்ரோபின் முதலிய மாற்றுமருந்தும் உண்டு. மயக்கமும் தலைச்சுற்றலும் வெயிலால் வந்தன என்று எண்ணி வீட்டில் கிடப்பவரிடம், இதை அவர் மொழியில் எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

அதே மருந்து தேனீயையும் தாக்குகிறது. ஏலப்பூ காயாவதற்குத் தேனீயே முதன்மைத் துணை. ஏறத்தாழ பத்து இலட்சம் நரம்பணுக்களே கொண்ட மூளையால் பூவின் நிறத்தையும் மணத்தையும் வழியையும் நினைவில் வைக்கிறது அது. அதன் நடனமொழியை விளக்கிய கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1973-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தேனீயின் சிறிய மூளை தடுமாறினால் கூட்டுக்குத் திரும்பும் வழி தவறும்; காய்ப்பும் குறையும். சிற்றுயிரைக் காத்தல் அறம் மட்டுமன்று, விளைச்சலின் வேரும் அதுவே என்பதை அறிவியலின் மொழியில் நிறுவ, மலையை அறிந்த மாணவர் வேண்டும்.

போடி மேற்கு மலையில் பொட்டிபுரத்தருகே நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015-இல் மைய அரசு ஒப்புதல் அளித்ததும், மக்களின் எதிர்ப்பும் வழக்குகளும் தொடர்ந்ததும் அவையோர் நினைவில் இருக்கும். அதில் எவர் பக்கம் நியாயம் என்பது இங்கே பேசுபொருள் அன்று. அறிவியலாளரின் சொல்லையும் ஊராரின் அச்சத்தையும் ஒருசேர அறிந்து இருவரிடமும் பேசத்தக்க உள்ளூர் மாணவர்கள் எத்தனை பேர் இருந்தனர் என்பதே எண்ணத்தக்கது.

வேலைவாய்ப்பைப் பற்றியும் ஒளிவின்றிச் சொல்ல வேண்டும். இளநிலைப் பட்டத்தோடு நிற்பவர்க்கு இத்துறையில் வாய்ப்பு குறைவு. பள்ளிக்குப் பின் முனைவர் பட்டம் வரை பத்தாண்டு ஆகலாம். அதே நேரத்தில் செலவு முழுவதும் குடும்பத்தின் தலையில் விழுவதில்லை. அடிப்படை அறிவியல் பயிலும் சிறந்த மாணவர்க்கு மைய அரசின் 'இன்ஸ்பயர்' திட்டம் ஆண்டுக்கு 80,000 ரூபாய் உதவி வழங்குகிறது. தேசியத் தகுதித் தேர்வில் வென்று முனைவர் ஆய்வில் சேர்வோர்க்கு, 2023-இல் உயர்த்தப்பட்டபடி, முதல் ஈராண்டு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கிறது. மருத்துவம் சார்ந்த நரம்புச் சோதனை, மறுவாழ்வு, மருந்தாய்வு, கணினி அறிவியல் ஆகிய பக்கங்களிலும் கதவுகள் உண்டு. கணிதத்தையும் புள்ளியியலையும் விடாமல் பயின்றவர்க்கு அக்கதவுகள் எளிதில் திறக்கும். உயிரியல் மட்டும் போதும் என்று பதினொன்றாம் வகுப்பிலேயே கணிதத்தைக் கைவிடும் பிள்ளைகள் இதைக் கருத்தில் கொள்வது நன்று.

உணவு, மருந்து, கல்வி, அபயம் என்னும் நால்வகைத் தானங்களைச் சமண அறம் போற்றுகிறது. ஒரு மாணவிக்கு நுழைவுத் தேர்வு நூலும் விடுதிக் கட்டணமும் அளிப்பது கல்வித் தானம். அவள் கற்றுத் திரும்பி நரம்பு நோயுற்றவரின் துயர் தணிய வழி காண்பது மருந்துத் தானம். கொல்லாத வழியிலும் மூளையை ஆராயலாம் என்று தன் ஆய்வால் காட்டி, ஒரு கூண்டையேனும் காலியாக்கினால் அது அபயதானம். ஆய்வுக்கூடத்தின் மேசையில் கொல்லாமைக்காகப் பேச வேண்டியவர் அந்த மேசையில் அமரும் தகுதியைப் பெற்றிருக்க வேண்டும். வெளியே நின்று வருந்துவதால் மட்டும் எந்த விதியும் மாறுவதில்லை.

ஆதலால் அந்த வீட்டின் பாட்டிக்கு மகள் சொல்லத்தக்க விடை இது: "பாட்டி, அறுக்காமல் படிக்கும் வழி இருக்கிறது. அது சற்று நீண்ட வழி. எங்கே அறுக்கச் சொல்கிறார்களோ அங்கே மறுத்துச் சொல்லவும் நான் கற்றுக்கொள்வேன். நீங்கள் சொன்ன வார்த்தையை மறக்காமல் கொண்டுபோகிறேன்."

அவ்விடையைக் கேட்ட பின் பாட்டி என்ன சொல்வார் என்பதை அவையோர் ஒவ்வொருவரும் தம் இல்லத்திலேயே அறிந்துகொள்ளலாம். அடுத்த தேர்வு முடிவு வரும் நாளில் பிள்ளை ஒரு புதிய பெயரைச் சொன்னால், உடனே மறுக்காமல், ஒருநாள் பொறுத்து விசாரித்து, பிறகு விடை சொல்லும் பெற்றோர் பெருகட்டும்.